மயோர்க்காவுக்கு மூன்று பேர்

“நான் மயோர்க்காவுக்கு வரேல்லை” என்று சுபானி சொன்ன மறுகணம் அவள் தலை சாப்பாட்டு மேசையில் மோதியது.

கூந்தலைப் பிடித்த கையை அவள் புருஷன் மதிசுதன் எடுக்கவில்லை. மற்றக் கையால் மடிக்கணினியைத் திருப்பி, படத்தை வடிவாகப் பார்க்கச் சொன்னான். நீலக் கடல், வெள்ளைக் குடைகள், நீச்சல்குளத்தைச் சுற்றி ஆட்டம் போடும் கூட்டம். அவள் மூக்கிலிருந்து வடிந்த இரத்தம் விசைப்பலகையில் சொட்டியது. அதற்கும் கை ஓங்கினான்.

அடுப்படியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த அவன் தாய் தேவமலர், கத்தியைப் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக் குனிந்தாள். மாமிக்குச் சத்தம் பிடிக்காதாக்கும் என்று சுபானி நினைத்துக்கொண்டாள். கலியாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாள் தொட்டு மாமி ஒரு அடியையும் தடுத்ததில்லை. அடி முடிந்த பிறகு வந்து நிலத்தைத் துடைப்பாள், அவ்வளவுதான்.

முதலில் மதிசுதனும் கூட்டாளி கிருபனும் மட்டும் போவதாகத்தான் இருந்தது. ஸ்பெயினில் குடியும் கூத்துமான தீவு. பெண்சாதிக்கு அங்கே என்ன வேலை என்று அவனே சொல்லியிருந்தான். அதை நம்பித்தான் சுபானி பெண்கள் காப்பகத்தில் வேலை செய்யும் லிசாவிடம் இடம் கேட்டாள். வியாழக்கிழமை ஒரு அறை காலியாகிறது, அன்று வராவிட்டால் அது வேறொருத்திக்குப் போய்விடும் என்றாள் லிசா.

அந்தப் பேச்செல்லாம் நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் மெஷின் பக்கத்தில் நின்று, கைப்பேசியில், ஜெர்மன் பாஷையில் நடந்தது. மாமி அருகில் நின்று துவாய் மடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை காலம் ஜெர்மனியில், இந்த வுப்பர்டால் நகரத்தில் இருந்தும் அவளுக்கு நன்றி சொல்லும் ‘டாங்கே’க்கு மேல் ஒரு சொல் தெரியாது என்பது சொந்தக்காரர் நடுவில் பழைய பகிடி.

இப்போது மதிசுதன் மனதை மாற்றிக்கொண்டுவிட்டான்.

“உன்னைத் தனிய விட்டிட்டுப் போக நான் என்ன விசரனோ?” என்றபடி மூன்றாவது டிக்கெட்டைத் தேடினான்.

அப்போதுதான் மாமி வாயைத் திறந்தாள். “தம்பி, மூண்டு பேராப் பயணம் வெளிக்கிடக் கூடாது.”

மதிசுதன் சிரிக்கவில்லை. போன வருடம் அவனும் கிருபனும் கிருபனின் அண்ணனுமாக வெளிக்கிட்ட காரில், உயிரோடு திரும்பி வந்தது இரண்டு பேர்தான். அவன் விரல் மடிக்கணினியிலேயே நின்றது.

“அப்ப நீங்களும் வாங்கோ. நாலு பேராகும்.”

“எனக்கு பிளேன் ஏலாது, கால் வீங்கும். நீயும் கிருபனும் போங்கோ. வீட்டுச் சாவியை என்னட்டைத் தந்திட்டுப் போ. இவள் எங்கை போறாள் எண்டு நான் பாக்கிறன்.”

மதிசுதனுக்கு அது பிடித்துப்போனது. இரண்டு டிக்கெட்டோடு மடிக்கணினியை மூடினான். அவன் வேலைக்குப் போகும் நேரத்திலாவது சுபானி கடை, நிலவறை என்று வெளியே இறங்கலாம். சாவி கையில் இருந்தால் மாமி வாசலை விட்டு அசையமாட்டாள்.

புதன்கிழமை விடிய கிருபனின் கார் கீழே வந்து ஹோர்ன் அடித்தது. மதிசுதன் வாசலில் நின்று சுபானியின் கைப்பேசியை வாங்கினான். நிலத்தில் போட்டுச் சப்பாத்துக் குதியால் நசுக்கினான். எடுக்கக் குனிந்தவளின் விரல்களையும் சேர்த்து நசுக்கினான். சுண்டுவிரல் முறிந்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.

“வந்து விசாரிப்பன். ஏதும் கேள்விப்பட்டனெண்டா உயிரோட எரிப்பன்.”

கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனான். மாமி உள்ளிருந்து பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு துணியை நனைத்துக்கொண்டு வந்து நிலத்தைத் துடைத்தாள்.

வியாழன் காலை சுபானியின் வலது கை வீங்கி, விரல் மடங்காமல் நின்றது. லிசா தொங்குரயில் நிலையத்துக்குக் கீழே காரோடு காத்திருப்பாள். பிந்துகிறேன் என்று சொல்லக் கைப்பேசி இல்லை. குதிக்கலாமென்றால் வீடு நாலாம் மாடி. மாமியிடம் சாவி கேட்டால் அவள் உடனே மகனுக்குச் சொல்லிவிடுவாள். அடுத்த பிளேனில் அவன் வந்து நிற்பான்.

சுபானி தோசைக்கல்லை எடுத்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்புக்கல், ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு நோகும். பின்மண்டையில் ஒரே அடி, விழுந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். எங்கே அடி விழுந்தால் ஆள் எழும்பாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அறைக்கதவு திறந்தே கிடந்தது. மாமி கட்டில் விளிம்பில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். சுபானியின் கண்ணுக்கு அந்த நரைத்த பின்னந்தலை மட்டும்தான் தெரிந்தது. மூச்சை அடக்கி, இடது கையால் கல்லைத் தலைக்கு மேலே உயர்த்தினாள்.

காலடியில் பலகை கிறீச்சிட்டது.

மாமி திரும்பவில்லை. ஆடி மாதத்து வெயிலில் குளிர்க்கோட்டும் சப்பாத்தும் போட்டிருந்தாள். மடியில் கைப்பை இருந்தது. இடுப்பிலிருந்த சாவியை உருவி, தோளுக்கு மேலால் பின்பக்கம் நீட்டினாள். கோட்டின் கை சரிந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, மதிசுதனின் ஐந்து விரலும் பதிந்த கண்டல்கள். சில பழையவை, சில புதியவை.

“அடிக்கிறதெண்டா அடி பிள்ளை, ஆனா என்னை இஞ்சை விட்டிட்டுப் போகாதை.”