சூடான தட்டு

"வரமாட்டேன்னு சொன்னீங்களே மாமா?"

கதவைத் திறந்ததும் மருமகள் கேட்ட முதல் கேள்வியே இதுதான். பெரியவருக்குச் சுருக்கென்றது.

"ஏன், வந்தது பிடிக்கலையா?"

"ஐயோ, அப்படி இல்ல மாமா. உள்ள வாங்க. பெல் அடிக்கும்போதே நீங்கதான்னு நினைச்சேன்."

அவர் பெல்லை ஒரு தடவைதான் அழுத்தினார். அது நாலு தடவை அடித்தது. இந்த வீட்டில் பெல்கூடச் சரியில்லை.

மகன் தன் ஆபீஸ்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வைக்கிற விருந்து. ஏழு மணிக்கு என்று சொன்னால் பெரியவர் ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுவார். அப்போதுதானே குறைகள் கண்ணில் படும்?

மருமகள் மேல் அவருக்கு ஒரு வருஷத்துக் கோபம். போன விருந்தில், உள்ளங்கை அகலச் சீஸ் வட்டு ஒன்றை முழுசாகப் பஃப் மாவில் சுற்றி, ஓவனில் சுட்டு, மேஜை நடுவில் வைத்திருந்தாள். வீட்டுக்கு மூத்தவர் என்று கத்தியை இவரிடம் கொடுத்தார்கள். நாற்பது வருஷம் லேத் பட்டறையில் இரும்பை மயிரிழை பிசகாமல் சீவிய கை. ஆனால் அந்தக் கத்தி மகா மட்டம். வழுக்கிக்கொண்டு போய், உருகின சீஸ் மொத்தமும் மேனேஜர் மடியில்.

அதுகூடப் போகட்டும். "குடுங்க மாமா, நான் வெட்டுறேன்" என்று அத்தனை பேர் முன்னால் கத்தியைப் பிடுங்கினாளே! அன்று நெஞ்சில் தைத்த முள்ளை இன்னும் எடுக்க முடியவில்லை.

சமையலறையில் என்னமோ பரபரப்பு. எட்டிப் பார்த்தார். மருமகள் பஃப் மாவைச் சின்னச் சின்னச் சதுரமாக நறுக்கி, நடுவில் ஒரு துண்டு சீஸ் வைத்து, நாலு மூலையையும் கிள்ளி மூடிக்கொண்டிருந்தாள். அவசரத்தில் ஒன்றுகூட ஒழுங்காக இல்லை.

"மாவு கடையில வாங்கினது. சீஸும் கடையில வாங்கினது. மேல முட்டையைத் தடவி உள்ள தள்ளினா வேலை முடிஞ்சுது. அதையாவது நேரத்தோட செய்யக் கூடாதா?"

"சுலபம்னுதானே மாமா செய்யறதே" என்று சிரித்தாள் அவள், தலை நிமிராமல்.

விருந்தாளிகள் வந்தார்கள். குட்டி பஃப்கள் சுடச்சுட வந்தன. ஆளுக்கொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். கத்திக்கு வேலையே இல்லை.

"எங்கேம்மா அந்தப் பெரிசு?" என்றார் மேனேஜர். "போன வருஷம் என் பேண்ட் சாப்பிட்டுச்சு. இந்த வருஷம் நான் சாப்பிடலாம்னு வந்தேன்."

கூடமே சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை.

"ஓவன்லயே வெடிச்சு, சீஸெல்லாம் வெளிய ஓடிடுச்சு சார். என் கவனக்குறைவு" என்றாள் மருமகள்.

"சாயங்காலம் நல்லாத்தானே இருந்..." என்று ஆரம்பித்த மகன், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

பெரியவருக்குப் பாம்புக் காது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனார். மேடை மூலையில், ரொட்டி டப்பாவுக்குப் பின்னால், எதையோ துணி போட்டு மூடியிருந்தது. தூக்கிப் பார்த்தார்.

முழுசாக, பொன்னிறமாக, ஒரு கீறல் இல்லாமல் அந்தப் பெரிசு!

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாளா? நாளைக்கு அவள் அண்ணன் வருகிறான் என்று மகன் சொன்னானே. ஓகோ, அவனுக்கா!

கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது. இனி விடக் கூடாது. ஓவன் தட்டோடு அப்படியே தூக்கினார்.

கூடத்துக்கு வந்து, "வெடிச்சுப் போச்சாம்! இதோ..." என்று ஆரம்பித்தார்.

மேலே பேச முடியவில்லை. தட்டு கடகடவென்று ஆடத் தொடங்கியது. பெரிசு மெல்ல நழுவி ஓரத்துக்கு வந்தது. அழுத்திப் பிடித்தார். இன்னும் ஆடியது. பேச்செல்லாம் நின்று, எல்லார் கண்ணும் அவர் கைமேல்.

இந்தத் தடவை குறை சொல்லக் கத்தி இல்லை. பெல்லும் இல்லை.

மருமகள் ஓடி வந்தாள். தோளில் கிடந்த துணியால் தட்டின் மறுபக்கத்தைத் தாங்கிப் பிடித்தாள்.

"ஐயையோ, என்ன மாமா இது! ஓவன் தட்டை வெறுங்கையால தூக்கிட்டீங்களே! ரெண்டாவதா ஒண்ணு சுட்டு, சொல்லாம கொண்டு வரலாம்னு வச்சிருந்தேன் சார். அதுக்குள்ள மாமாவுக்குப் பொறுக்கல. இந்தச் சூட்டுக்கு வேற யாராயிருந்தாலும் கீழ போட்டிருப்பாங்க!"

"அடேயப்பா! லேத் பிடிச்ச கைன்னா சும்மாவா?" என்றார் மேனேஜர். "இங்க வைம்மா, வெட்டுவோம்."

"கொஞ்சம் பொறுங்க சார். கால் மணி நேரமாவது ஆறணும். போன வருஷம் ஆற விடாமக் கொண்டுவந்து மாமா கையில கத்தியைக் குடுத்துட்டேன். அதனாலதான் அப்படி ஓடுச்சு. தப்பு என்னுது."

இருவருமாகத் தட்டைப் பிடித்தபடி சமையலறைப் பக்கம் திரும்பினார்கள்.

"ரொம்பச் சுட்டுடுச்சா மாமா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள் அவள்.

பெரியவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாம்மா. ரொம்பச் சூடு."

தட்டு ஜில்லென்று இருந்தது.