ஏறுகிற எண்

காலையில் நெஞ்சுவலியோடு வந்த பரமசிவனின் ரத்தத்தில் ட்ரோபோனின் அறுபது இருந்தது. மூன்று மணி நேரம் கழித்து லேப் டெக்னீஷியன் ஹெப்சிபா மறுபடி எடுத்துப் பார்த்தபோது தொள்ளாயிரம். சீட்டோடு வார்டுக்குப் போனவளை அவர் மனைவி இசக்கியம்மாள் வாசலிலேயே மறித்தாள்.

“கூடிருக்கா, குறைஞ்சிருக்கா தாயி?”

“கூடியிருக்கும்மா.”

இசக்கியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஐப்பசியில் மகன் டெங்குவில் கிடந்தபோது இதே வாசலில்தான் பிளேட்லெட் சீட்டுக்காக ஒன்பது நாள் நின்றாள். ஏறிய அன்று சாப்பிட்டாள், இறங்கிய அன்று பட்டினி. ரத்தத்தைப் பற்றி அவள் படித்தது அவ்வளவுதான்.

போனை எடுத்து, “ஏறிட்டுய்யா, இனி பயமில்ல” என்று மகனிடம் அழுதாள். இதயத் தசை சாகச் சாகத்தான் இந்த எண் ஏறும் என்று சொல்ல ஹெப்சிபா வாயெடுத்தாள். அதற்குள் இசக்கியம்மாள் இட்லி வாங்கக் கிளம்பிவிட்டாள்.

மூன்றாம் முறை ஹெப்சிபா ரத்தம் எடுக்கப் போனபோது பரமசிவன் தானே கையை நீட்டினார்.

“டாக்டர் எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டாரும்மா. அவ இப்பதான் ரெண்டு வாய் சாப்பிட்டிருக்கா. இந்தத் தடவ குறைஞ்சு வந்தாலும் ஏறிருக்குன்னே சொல்லிரு.”

ஹெப்சிபா தலையாட்டினாள். குழாயை இயந்திரத்தில் வைத்துவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். பதினெட்டு நிமிடத்தில் திரையில் ஐந்து இலக்கத்தில் ஓர் எண் வந்தது.

வார்டு வாசலில் இசக்கியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஹெப்சிபாவுக்குப் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.