சங்கரலிங்கம் வீட்டு வாசற்கதவு

முகூர்த்த நேரத்தில், சங்கரலிங்கம் பெருமையாக வாங்கி மாட்டியிருந்த வாசற்கதவு மாப்பிள்ளையின் மூச்சை முகர்ந்து பார்த்துவிட்டு, "காய்ச்சல். உள்ளே விட முடியாது," என்றது.

பெண்ணைப் பெற்ற சங்கரலிங்கத்துக்கு, சம்பந்தியை மட்டம் தட்ட இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

"பனியில திறந்த கார்ல ஊர்வலம் வேண்டாம்னு தலைப்பாடா அடிச்சிக்கிட்டேனே, கேட்டீங்களா சம்பந்தி?"

"பனியால் வராது. ஆளிடமிருந்துதான் தொற்றும்," என்று கதவு திருத்தியது.

"அப்போ எந்த ஆள்கிட்டேர்ந்துன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

"மணமகளிடமிருந்து. முந்தாநாள் மாலை."

மாப்பிள்ளையின் நிழல்கூடத் தன் பெண்மேல் பட்டதில்லை என்று காலையில்தான் சங்கரலிங்கம் பந்தல் முழுக்கப் பீற்றியிருந்தார். மணமேடையில் நறுமுகை மூக்கை உறிஞ்சினாள்.

"ஓமப் புகைப்பா."

ஐயர் இன்னும் ஓமத்தைப் பற்றவைக்கவே இல்லை.

"இருவருக்கும் ஒரே கிருமி," என்றது கதவு. "ஐந்து நாள் ஒரே அறையில் தனியே வையுங்கள்."

"இன்னும் தாலியே கட்டலையே," என்று முனகினார் சங்கரலிங்கம்.

நறுமுகை மாலையோடு எழுந்து தன் அறைக்கு நடந்தாள். "பாயசத்தை வெளியிலயே வச்சிடுங்கப்பா. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கோங்க."

அதற்குள் மாப்பிள்ளை, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்விட்டார். அந்த அறைக்குப் பின்கதவு உண்டென்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.