பல்லும் கிரீன் கார்டும்

"என்னை நாடு கடத்தியே தீரணும்னு கங்கணம் கட்டிக்கிட்டு நிக்கிறியாம்மா நீ?"

எவரிஸ்தோ கன்னத்தைக் கையால் தாங்கியபடி கேட்டார். கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸில், கையில் காசில்லாதவர்களுக்கு அரசாங்கச் செலவில் வைத்தியம் பார்க்கும் மருத்துவமனை அது. அங்கே உதவியாளராக இருந்த யெசேனியா சிரித்துச் சமாளித்தாள்.

"பல்லைப் பிடுங்கினதுக்கெல்லாம் யாரையும் நாடு கடத்த மாட்டாங்க ஐயா. சனிக்கிழமை மகள் கல்யாணத்துல ட்ரம்பெட் ஊதணும்னு சொன்னீங்களே, இந்தக் கன்னத்தோட எப்படி ஊதுவீங்க? உள்ள வாங்க."

"நல்லா பேசுறே. அரசாங்கக் காசுல வைத்தியம் பாத்தா, 'இவன் நமக்குப் பாரமாயிடுவான்'னு சொல்லி, கிரீன் கார்டு கேக்கிறவனை வெறுங்கையோட அனுப்பிடுவாங்க. ஊரே பேசுது!"

காத்திருந்தவர்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நிறைமாதக் கர்ப்பிணி மரிபெல் மெல்ல எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

"நான் கிரீன் கார்டுக்கு மனு போட்டிருக்கேன் அக்கா. இன்னொரு நாள் வரேன்."

அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். அப்படிப் போகிறவர்கள் திரும்பி வருவதில்லை என்பது யெசேனியாவுக்குத் தெரியும். வயிற்றுப் பிள்ளையோடு இந்தப் பெண் எங்கே போவாள்? அவசரமாகத் தனக்குத் தெரிந்த வக்கீலம்மாவைப் போனில் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"கர்ப்பிணிக்கு வைத்தியம் பாத்ததைச் சாக்கா வச்சு கிரீன் கார்டை மறுக்க முடியாது," என்றது போன். "இப்போதைய சட்டத்துல பல் வைத்தியமும் அப்படித்தான். சந்தேகம் வந்தா என்னைக் கேளுங்க, பக்கத்து வீட்டுக்காரியைக் கேக்காதீங்க!"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. மரிபெல் பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எழுந்த மற்ற இருவரும் உட்கார்ந்தார்கள்.

எவரிஸ்தோ மட்டும் மசியவில்லை.

"நாளைக்கே சட்டம் மாறினா? எல் சல்வதோர்ல இருந்து ஆத்தை நீந்தி, பாலைவனத்துல நடந்து வந்தவன்மா நான். கேவலம் ஒரு பல்லுக்காக எல்லாத்தையும் விடச் சொல்றியா?"

சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது. யெசேனியாவுக்கு மனம் கரைந்துவிட்டது. அவளுடைய அப்பாவும் இப்படிப் பயந்து பயந்தே வாழ்ந்தவர்தான்.

"சரிங்க ஐயா, வற்புறுத்தலை. வலிக்கு மாத்திரையாவது வாங்கிட்டுப் போங்க."

எவரிஸ்தோவின் முகம் மலர்ந்தது. அதற்குள் காரை நிறுத்திவிட்டு அவர் மனைவி லியோகாதியா மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"இன்னும் பல்லைப் பிடுங்கலையா?"

"கிரீன் கார்டு கிடைக்காமப் போயிடுமோன்னு ரொம்பப் பயப்படுறாரும்மா, பாவம்," என்றாள் யெசேனியா.

"கிரீன் கார்டா?" லியோகாதியா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கணவரை முறைத்தாள். "அமெரிக்கக் குடிமகனாகி, ரெண்டு தேர்தல்ல ஓட்டும் போட்ட மனுஷன்மா இவரு! ஊசியைக் கண்டா மட்டும் எந்த நாட்டுக்காரர்னே இவருக்கு மறந்துபோகும்!"