நாற்பதுக்கு ஏறாத முள்

“முள்ளு நாப்பதைத் தொடலைன்னா இந்த வண்டியை நான் இனிமே தொடமாட்டேன். சொன்னா சொன்னதுதான்” என்றார் மாஸ்டர், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி.

மகள் பானெட்டுக்குள் தலையை விட்டு ஒரு நட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறவள், தினமும் கழற்றி மாட்டுகிற நட்டுதான். ஆனாலும் இன்று ஸ்பானர் இரண்டு தடவை நழுவியதை அவள் கணவன் கவனித்தான்.

நழுவாதா பின்னே? நாளைக் காலை பழைய கார்களின் ஊர்வலம் மலைப்பாதையில் போகிறது. தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து போகப்போகிறேன் என்று பேத்தி ஒரு வாரமாகத் தலையில் மாட்டிய தொப்பியைக் கழற்றாமல் திரிகிறாள்.

காரோ, மாஸ்டரின் கல்யாணத்துக்கு முன்னால் செய்தது. ஏற்றத்தில் எஞ்சினுக்குள் எண்ணெய் ஓட்டம் குறைந்தால் நடுவழியில் இறுகி நின்றுவிடும். அந்தப் பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். எண்ணெய் அழுத்தத்தை முள்ளால் காட்டும் ஆயில் பிரஷர் கேஜ் மாட்டாமல் வண்டி வாசலைத் தாண்டக்கூடாது என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள்.

மாஸ்டரும் மறுபேச்சுப் பேசவில்லை. டிரைவிங் ஸ்கூல் வைத்து ஊரில் பாதிப் பேரை ஓட்டவைத்தவர் அவர். எஞ்சினைப் பற்றி யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வார், ஓட்டுவதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்க முடியாது.

போன மாதம் மருமகன் தெரியாத்தனமாக “நான் ஓட்டட்டுமா மாமா?” என்று கேட்டுவிட்டான். அன்று இரவு மனிதர் சாப்பிடாமலே படுத்துவிட்டார். இடதுபக்க மட்கார்டில் இருக்கும் புதுக் கீறலுக்குக்கூட, கேட்தான் குறுக்கே வந்தது என்பது அவர் கட்சி.

“அதான் ஆயில் பிரஷர் கொறைஞ்சா எரியறதுக்கு டாஷ்போர்டுல சிவப்பு லைட் இருக்கே மாமா, அது போதாதா?” என்றான் மருமகன், பொழுது போகாமல்.

“அது பிரஷர் பத்து வந்தாலே அணைஞ்சிடும் மாப்ள. மலை ஏறப் பத்து போதுமா? நாப்பது வேணும். அதை முள்ளுதான் சொல்லும்.”

மகள் கேஜை எடுத்து வந்தாள். காலையில் பெட்டியைப் பிரித்ததுமே அதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மூடியிருந்தாள். “புத்தம் புதுசைப் போய் எதுக்குத் துடைக்கறே?” என்று கணவன் கேட்டபோது, “உள்ள தூசிங்க” என்று பேச்சை முடித்துக்கொண்டாள்.

எஞ்சினிலிருந்து வரும் மெல்லிய செம்புக் குழாயைக் கேஜின் பின்பக்கம் பொருத்தி, டாஷ்போர்டுக்குக் கீழே மாட்டினாள். “ஸ்டார்ட் பண்ணுங்கப்பா.”

மாஸ்டர் சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொள்ள, விளக்கு அணைந்தது. மருமகன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி முள்ளைப் பார்த்தான்.

முள் லேசாக அசைந்தது. அவ்வளவுதான், அங்கேயே நின்றுவிட்டது.

“எவ்வளவு?” என்றார் மாஸ்டர்.

“அஞ்சுப்பா.”

“அஞ்சா!” பதறிப்போய் எஞ்சினை அணைத்தார்.

மருமகன் மெல்லக் கேட்டான். “கேஜ்ல ஏதாவது கோளாறு இருக்குமோ?”

“புதுசுங்க” என்றாள் அவள், அவன் பக்கம் திரும்பாமலே.

“குழாய்ல காத்து அடைச்சிருக்கும். நட்டை லேசா லூஸ் பண்ணும்மா” என்ற மாஸ்டர் மறுபடி ஸ்டார்ட் செய்தார். குழாயின் முனையில் எண்ணெய் அவள் விரலில் சொட்டியது. காற்றும் இல்லை, அடைப்பும் இல்லை. அவள் நட்டை இறுக்கினாள்.

இந்த முறை மாஸ்டர் பதறவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கண் டாஷ்போர்டை விட்டு அகலவில்லை.

“இப்போ?”

“அதேதாம்ப்பா. அஞ்சு.”

மாஸ்டர் நிதானமாகச் சாவியைத் திருப்பி எடுத்தார். “மாப்ள, நாளைக்கு நான் ஓட்டலைன்னு ஊர்வலக்காரங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க.”

தொப்பியோடு திரியும் தன் மகளிடம் இதை எப்படிச் சொல்வது என்ற கவலையோடு மருமகன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். மாஸ்டர் கதவைத் தடவிப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய மகளின் கையில் சாவியை வைத்து, அவள் விரல்களை மூடினார்.

அவளால் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

“நாளைக்கு நீ ஓட்டு. குட்டி ஆசையா இருக்கா, அவளை ஏமாத்தக் கூடாது.”

“எப்படிப்பா? அஞ்சுதானே காட்டுது...”

“கண்ணாடியைக் கழட்டி, அந்த முள்ளை எடுத்து முன்னே இருந்த இடத்துலயே மாட்டு. நாப்பது காட்டும்.”

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அப்பா...”

“முள்ளு எந்த நம்பர்ல நின்னுதுன்னு என் கண்ணுக்குத் தெரியலைம்மா. பத்து வந்தாத்தான் அணையற சிவப்பு லைட் அணைஞ்சது மட்டும் நல்லாத் தெரிஞ்சுது.”