தானாகப் பற்றிய தீ

வெளிநாட்டுச் சர்க்கரை மலிவாக வந்து இறங்கியதில் ஆலை அரை நாள்தான் ஓடியது. கரும்பு முற்றிப் பூத்தும் கலிவரதனுக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரவில்லை. தீப்பிடித்த கரும்பென்றால் புளிப்பதற்குள் முதலில் அரைப்பார்கள். தன் கரும்புக் கொல்லைக்குத் தானே தீ வைத்தான். வெட்டி ஏற்றி மறுநாள் ஆலைக்குப் போனால், வாசலிலிருந்து ரயில்வே கேட் வரை நின்ற எல்லா வண்டியிலும் கரும்பு கரியாக இருந்தது.

“உன்னுதும் தானா பத்திக்கிச்சா?” என்றான் முன்வண்டிக்காரன்.

“கரண்டு கம்பி உரசிடுச்சிண்ணே.”

“உன் கொல்லையில ஏதுடா கம்பி?”

எல்லாரும் சிரித்தார்கள். ஆலைக் காவலாளி வந்து வரிசையைப் பார்த்தார்.

“எல்லாமே எரிஞ்சதா? அப்ப வரிசைப்படிதான். கடைசி வண்டிக்கு அஞ்சு நாள் ஆவும்.”

கடைசி வண்டி கலிவரதனுடையது. வெயில் ஏறியது. வண்டியிலிருந்து லேசாகப் புளிப்பு வாடை வந்தது.