சாயவிடாத பட்டை

பக்கவாதம் வந்த பிறகு செங்கமலத்துக்கு உடம்பு இடப்பக்கமே சாயும். அதற்காக மகன் குமரேசன் அவளுக்கு இடுப்பிலிருந்து தோள்வரை ஒரு பட்டை மாட்டியிருந்தான். பேசும் மின்பட்டை அது; கொஞ்சம் சாய்ந்தாலும் இழுத்து நிமிர்த்திவிடும், நிமிர்ந்திருந்தால் பாராட்டும்.

செங்கமலத்தின் தங்கை புருஷன் செத்துப்போன வீட்டில் அவளை நாற்காலியில் உட்காரவைத்தான். தங்கை பட்டம்மாள் அழுதுகொண்டே ஓடிவந்தாள். அவளைக் கட்டிக்கொள்ளக் குனிந்தாள் செங்கமலம். வெடுக்கென்று பின்னால் இழுத்தது பட்டை.

"விழப் பார்த்தீர்கள். நிமிர்ந்து உட்காருங்கள்," என்றது அது கொஞ்சும் குரலில்.

"அக்கா, என்னைக் கண்டு விலகுறியா?"

"நான் எங்கடி விலகுறேன்? இந்தச் சனியன் இழுக்குது. டேய், கழட்டுடா."

"கழட்டினா நீ விழுந்துடுவேம்மா," என்ற குமரேசன், பக்கத்திலிருந்தவரிடம் திரும்பினான். "எப்படி நிமிர்ந்து உக்காந்திருக்காங்க பாத்தீங்களா மாமா?"

செங்கமலம் மகனை முறைத்தாள். "சீ, எழவு வீட்டுலயாடா என்னை வச்சு வேடிக்கை காட்டுற?"

பட்டம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு, பட்டையின் கொக்கிகளைக் கழற்றினாள். சாய்ந்த அக்காவைத் தாங்கிப் பாயில் இறக்கினாள். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து வாய்விட்டு அழுதார்கள்.

நாற்காலியில் காலிப் பட்டை விறைப்பாக நின்றது.

"அருமை. இப்படியே இருங்கள்," என்றது.